ஏழில் ஒன்று மட்டும் திணறியது: என்விஎம்இ க்யூவும் சிபியு ஒதுக்கீடும் மோதிய ஒரு நிகழ்வு ஆய்வு

அமைப்பு

இரண்டு சாக்கெட், சாக்கெட்டுக்கு 16 கோர், கோருக்கு 2 த்ரெட் என மொத்தம் 64 லாஜிக்கல் சிபியு கொண்ட ஒரு டேட்டாபேஸ் சர்வர். எண் வரிசை வழக்கமானதே. 0 முதல் 15 வரை முதல் நியூமா நோடு (ஒரு சாக்கெட்டும் அதை ஒட்டிய மெமரியும்), 16 முதல் 31 வரை இரண்டாவது. 32 முதல் 47 வரை உள்ளவை முதல் நோடின் ஜோடி த்ரெட்கள் (அதே கோர்களின் இரண்டாவது த்ரெட்கள்), 48 முதல் 63 வரை இரண்டாவதன் ஜோடிகள். அதாவது 8-இன் ஜோடி 40, 9-இன் ஜோடி 41. கர்னல் 5.15. முதல் நோடில் இரண்டு என்விஎம்இ டிரைவ்கள் (வேகமான எஸ்எஸ்டி வகை), ஒவ்வொன்றும் 16 ஐஓ க்யூ (படிக்க, எழுதக் கேட்கும் ரிக்வெஸ்ட்கள் நிற்கும் வரிசை) தருபவை. இரண்டிலும் ஐஓ ஷெட்யூலர் "நன்", அதாவது ரிக்வெஸ்ட்களை வரிசை மாற்றாமல் அனுப்புவது.

லேட்டன்சி முக்கியமான வேலைகளுக்காக 9 முதல் 15 வரையும், அவற்றின் ஜோடிகளான 41 முதல் 47 வரையும் பூட் வரியில் ஐசோல்சிபியுஸ் (பொது வேலைகள் வராமல் சிபியுக்களைத் தனிமைப்படுத்தும் அமைப்பு) மூலம் ஒதுக்கப்பட்டிருந்தன. டைமர் டிக்கை நிறுத்தும் நோஹெச்இசட்_ஃபுல், கர்னலின் ஆர்சியு பின்வேலைகளை வேறு சிபியுவுக்கு நகர்த்தும் ஆர்சியு_நோசிபிஎஸ் இரண்டுக்கும் அதே பட்டியல்தான். இன்டரப்ட்கள் (சாதனம் சிபியுவை இடைமறித்து அனுப்பும் சைகைகள்) எங்கே போகலாம் என்று சொல்லும் ஐஆர்க்யூஅஃபினிட்டிக்கு மீதமுள்ள பொதுச் சிபியுக்கள் தரப்பட்டிருந்தன. லாக் எழுதும் த்ரெட் 9-இல் மட்டுமே ஓடும்படி பின் செய்யப்பட்டிருந்தது. 10 முதல் 15 வரை, டிஸ்க் பக்கமே போகாமல் சுழன்றுகொண்டிருக்கும் த்ரெட்கள். 41 முதல் 47 வரை வேண்டுமென்றே காலியாக விடப்பட்டவை. கம்பாக்‌ஷன் வேலை (டேட்டாபேஸ் கோப்புகளைப் படித்து, ஒன்றுசேர்த்து, மீண்டும் எழுதும் பின்னணி வேலை) பொதுச் சிபியுக்களில் ஓடும். இரண்டாவது டிரைவிலிருந்து படித்து முதல் டிரைவில் எழுதும், இரண்டும் டைரக்ட் ஐஓ, அதாவது கர்னலின் பஃபர் வழியாகப் போகாமல் நேரே டிரைவோடு. லாக்கும் முதல் டிரைவில்தான்.

அறிகுறி

கம்பாக்‌ஷன் தொடங்கினால் லாக் எழுத்துத் தாமதத்தின் 99.9-ஆவது பெர்சன்டைல் (ஆயிரத்தில் ஒன்று தாண்டும் அளவு) எகிறும், நின்றால் இறங்கும். டிரைவ் திணறுகிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் இரண்டு விஷயங்கள் அதற்கு ஒத்துவரவில்லை.

ஒன்று, லாக் த்ரெட் ஐஓவுக்காகக் காத்திராமல் கணக்கு வேலை செய்யும் நேரத்திலும் 9-இல் தடங்கல் தெரிந்தது. டிரைவ் மெதுவாக இருந்தால் ஐஓ முடியத் தாமதமாகும், அவ்வளவுதான். கணக்கு வேலை நடுவில் நிற்க அது காரணமாகாது. இரண்டு, 10 முதல் 15 வரை எந்தச் சலனமும் இல்லை. ஒதுக்கிய ஏழு கோரில் 9 மட்டுமே பாதிக்கப்பட்டது. போதாக்குறைக்கு, சில ரீபூட்டுக்குப் பின் 9-இன் தடங்கல் பெரும்பகுதி காணாமல் போகும், அடுத்த ரீபூட்டில் திரும்பி வரும்.

ஏழில் ஒன்று மட்டும், அதுவும் ஒதுக்கீட்டு எல்லையை ஒட்டியது. இந்த வடிவமே பாதி விடை.

கர்னல் க்யூவை எப்படிப் பங்கிடுகிறது

லினக்ஸில் பல க்யூ பிளாக் அடுக்கு 3.13-இல் வந்தது. பழைய ஒற்றை க்யூ வழி 5.0-இல் நீக்கப்பட்டது. இன்று ரிக்வெஸ்ட்களைக் கையாளும் எல்லா பிளாக் டிரைவரும் ஒரே ஏற்பாட்டில் நடக்கின்றன: சிபியுவுக்கு ஒரு மென்பொருள் க்யூ, அவற்றுக்குக் கீழே டிரைவ் தரும் ஹார்ட்வேர் க்யூக்கள். சிபியு எண்ணிக்கைக்கு ஈடாக டிரைவ் க்யூ தந்தால் ஆளுக்கு ஒன்று, சிக்கலே இல்லை. இங்கே 64 சிபியுவுக்கு 16 க்யூ. எனவே நான்கு சிபியு சேர்ந்து ஒரு க்யூவைப் பகிர்கின்றன.

எந்த நான்கு என்பதைக் கர்னலே முடிவு செய்கிறது. முதலில் நியூமா நோடு வாரியாக க்யூக்களைப் பிரிக்கும், நோடுக்கு 8. பிறகு ஒவ்வொரு நோடுக்குள்ளும் ஒரு சிபியுவை எடுத்து, அதன் ஜோடி த்ரெட்டையும் சேர்த்து, அடுத்ததற்குப் போகும். முதல் க்யூவுக்கு 0, 32, 1, 33. இரண்டாவதற்கு 2, 34, 3, 35. இப்படியே போனால் ஐந்தாவது க்யூவுக்கு வருபவை 8, 40, 9, 41.

இங்கேதான் முடிச்சு. 8-உம் 40-உம் பொதுச் சிபியு. 9-உம் 41-உம் ஒதுக்கியவை. நால்வருக்கும் ஒரே க்யூ, ஒரே இன்டரப்ட். "முதல் ஒன்பது கோர் பொது வேலைக்கு, மீதி ஏழு ஒதுக்கீடு" என்ற கணக்கு கோர் எல்லையை மதித்தது, க்யூ எல்லையைக் குறுக்கே வெட்டிவிட்டது.

இந்த இன்டரப்ட்கள் மேனேஜ்டு வகை. எந்தச் சிபியுக்களுக்கு என்ற மாஸ்க்கை டிரைவர் ஏற்றப்படும்போதே கர்னல் நிர்ணயித்துவிடும், பயனர் மாற்ற முடியாது. எக்ஸ்86-இல் மாஸ்க்கில் நான்கு பேர் இருந்தாலும் இன்டரப்ட் உண்மையில் போய்ச் சேர்வது ஒருவரிடம் மட்டுமே. அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கையில், மாஸ்க்கில் உள்ளவர்களில் குறைந்த மேனேஜ்டு இன்டரப்ட் சுமப்பவரைக் கர்னல் பார்க்கிறது. முதலில் ஏறும் டிரைவின் ஐந்தாம் க்யூ 8-இல் உட்காரும். அடுத்து ஏறும் டிரைவின் ஐந்தாம் க்யூவுக்கு 8-இல் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் 9 வாய்க்கும். பூட்டின்போது எந்த டிரைவ் முந்துகிறதோ அதைப் பொறுத்து இது இடம் மாறும். ரீபூட்டுக்கு ரீபூட் அறிகுறி மாறியதன் காரணம் இதுதான். டிரைவ் பெயர்களும் அதே போட்டியில் இடம் மாறக்கூடும் என்பதால், ஒப்பிடும்போது சீரியல் எண்ணைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

சோதனை

முதல் நிறுத்தம் /சிஸ்/பிளாக் அடியில் அந்தந்த டிரைவுக்குள் இருக்கும் எம்க்யூ என்ற அடைவு. ஒவ்வொரு ஹார்ட்வேர் க்யூவுக்கும் அதில் ஒரு எண்ணுள்ள அடைவு, உள்ளே சிபியு_லிஸ்ட் கோப்பு. இங்கே ஒரு எண் வழுக்கல் உண்டு. இந்த எண்கள் 0-இல் தொடங்கும், ஆனால் இன்டரப்ட் பெயரில் வரும் க்யூ 0 என்பது டிரைவின் அட்மின் க்யூ. ஆகவே எம்க்யூவில் 4 என்ற அடைவுதான் இன்டரப்ட் பட்டியலில் என்விஎம்இ0க்யூ5. இதைக் கவனிக்காமல் பக்கத்து க்யூவைப் பார்த்து "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்று நகர்ந்துவிடுவது மிகச் சாதாரணம். டிரைவ் மல்டிபாத்தில் இருந்தால் இன்னொரு படி கூடுதல்: கண்ணுக்குத் தெரியும் டிரைவுக்கு சொந்த க்யூ கிடையாது, பெயரின் நடுவில் கன்ட்ரோலர் எண் வரும் மறைவான பாதைச் சாதனத்துக்குள்தான் எம்க்யூ இருக்கும்.

அடுத்து /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் என்விஎம்இ0க்யூ5, என்விஎம்இ1க்யூ5 வரிகளைத் தேடி, இடப்பக்கம் உள்ள ஐஆர்க்யூ எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். /ப்ராக்/ஐஆர்க்யூ அடியில் அந்த எண்ணின் அடைவில் இரண்டு கோப்புகள் முக்கியம். எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட் முழு மாஸ்க்கைக் காட்டும், எஃபெக்டிவ்_அஃபினிட்டி_லிஸ்ட் உண்மையில் யாரிடம் போகிறது என்பதைக் காட்டும். முதலாவதை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருவது வீண். இந்தச் சர்வரில் இரண்டு க்யூவுக்கும் முதல் கோப்பு 8-9,40-41 என்றே சொன்னது. இரண்டாவது கோப்பு முதல் டிரைவுக்கு 8, இரண்டாவது டிரைவுக்கு 9.

பிறகு கம்பாக்‌ஷன் ஓடும்போது பத்து நொடி இடைவெளியில் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை இரண்டு முறை நகலெடுத்து, சிபியு 9-இன் நெடுவரிசையை மட்டும் கழித்துப் பார்த்தால் போதும். என்விஎம்இ1க்யூ5 எண்ணிக்கை ஏறியிருந்தது. லாக் த்ரெட்டோ இரண்டாவது டிரைவைத் தொடுவதே இல்லை. அத்தனையும் 8-உம் 40-உம் அனுப்பிய கம்பாக்‌ஷன் வாசிப்புகளுக்கான இன்டரப்ட்கள்.

யார் அனுப்புகிறார்கள் என்பதையும் ஊகத்துக்கு விடக்கூடாது. ஓடும் கர்னலைக் கவனிக்கும் பிபிஎஃப்ட்ரேஸ் கருவியில் பிளாக்_ஆர்க்யூ_இஷ்யூ, பிளாக்_ஆர்க்யூ_கம்ப்ளீட் என்ற இரண்டு ட்ரேஸ்பாயின்ட்டையும் (கர்னலில் உள்ள கண்காணிப்புப் புள்ளிகள்) சிபியு வாரியாக எண்ணினால், எங்கிருந்து புறப்பட்டு எங்கே முடிகிறது என்பது பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இங்கே டைரக்ட் ஐஓ என்பதால் கம்பாக்‌ஷன் த்ரெட் ஓடும் சிபியுவிலிருந்தே ரிக்வெஸ்ட் புறப்படுகிறது. பஃபர் வழியாக எழுதும் நிரலாக இருந்திருந்தால் கதை வேறு. அப்போது எழுதுபவர் ஃப்ளஷர் கேவொர்க்கர் (கர்னலின் பின்னணி த்ரெட்), அது ஓடும் சிபியுவின் க்யூவில்தான் ரிக்வெஸ்ட் விழும், நிரலை டாஸ்க்செட் கட்டளையால் எங்கே கட்டியிருந்தாலும் பயனில்லை. ஐஓ_யூரிங் என்ற ஐஓ இடைமுகத்தில் எஸ்க்யூபோல் த்ரெட் (நிரலுக்காக ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்னல் த்ரெட்) வைத்திருந்தாலும் அப்படித்தான்: அனுப்புவது அந்த த்ரெட், அழைத்த நிரலல்ல.

ஒரே இடத்தில் மூன்று காரணங்கள்

முதல் காரணம் மேலே கண்டது. இரண்டாவது டிரைவின் இன்டரப்ட் 9-இல் விழுந்து, லாக் த்ரெட்டின் கணக்கு வேலையை இடைமறிக்கிறது. நோஹெச்இசட்_ஃபுல் நிறுத்துவது டைமர் டிக்கை மட்டுமே. டிரைவின் இன்டரப்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, முதல் டிரைவில். லாக் எழுத்தும் 8, 40-இன் கம்பாக்‌ஷன் எழுத்துகளும் ஒரே சப்மிஷன் க்யூவில் நிற்கின்றன. என்விஎம்இ டிரைவ் இயல்பாகத் தன் சப்மிஷன் க்யூக்களிடையே ரவுண்ட் ராபின் முறையில் எடுக்கிறது. தனி க்யூவில் இருந்தால் லாக் எழுத்துக்கு அதன் சுற்று உடனே வரும். பகிர்ந்த க்யூவில், முன்னால் நிற்கும் கம்பாக்‌ஷன் ரிக்வெஸ்ட்கள் எடுக்கப்பட்ட பிறகுதான் வரும். வேலை முடிந்த பின்னும் விடுதலை இல்லை. முடிவுச் செய்தி 8-க்குப் போகிறது, 8 கம்பாக்‌ஷன் முடிவுகளை வரிசையாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. போகும்போதும் வரும்போதும் இரண்டு தடவை காத்திருப்பு. இந்த நிகழ்வில் பெர்சன்டைலைத் தூக்கியதில் பெரும்பங்கு இதுவே என்பது எங்கள் கணிப்பு, ஏனென்றால் இரண்டாவது டிரைவின் இன்டரப்ட் 9-இல் விழாத ரீபூட்களிலும் லாக் எழுத்தின் தாமத வால் முழுவதும் சுருங்கவில்லை.

மூன்றாவது சிறியது, ஆனால் குழப்புவது. ரிக்வெஸ்ட்டை உடனே அனுப்ப முடியாமல் ஒத்திவைக்க நேர்ந்தால், கேபிளாக்டி என்ற வொர்க்க்யூ அதைப் பிறகு எடுத்து அனுப்பும். எந்தச் சிபியுவில்? அந்த க்யூவின் மாஸ்க்கில் உள்ளவர்களைச் சுற்றிச் சுற்றி. ஆகவே 8 விட்டுச்சென்ற வேலையை 9-இல் எழும் கேவொர்க்கர் முடிக்க நேரலாம். அந்தக் கேவொர்க்கரை டாஸ்க்செட்டால் நகர்த்தவும் முடியாது, சிபியுவோடு கட்டப்பட்டது. இந்தச் சுற்றில் ஒதுக்கிய சிபியுக்களைத் தவிர்க்கும் திருத்தம் பிந்தைய கர்னல்களில் உண்டு, 5.15-இல் இல்லை.

பலன் தராத முயற்சிகள்

எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட் கோப்பில் 8 என்று எழுத முயன்றால் கர்னல் பிழை காட்டி மறுக்கும். அது அனுமதிக் கோளாறல்ல, ரூட்டாக இருந்தாலும் அதே பதில். மேனேஜ்டு இன்டரப்ட்டின் இயல்பே அது. இன்டரப்ட்களைச் சிபியுக்களிடையே பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸை நிறுத்துவதும், அதன் தடைப் பட்டியலில் 9-ஐச் சேர்ப்பதும் வீண், அது இந்த இன்டரப்ட்களைத் தொட இயலாது. பூட் வரியின் ஐஆர்க்யூஅஃபினிட்டி சாதாரண இன்டரப்ட்களின் இயல்பு மாஸ்க்கை மட்டுமே மாற்றும்.

உறுதிப்படுத்த ஒரு தந்திரம்

ரீபூட் செய்யாமலே முதல் காரணத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. லாக் த்ரெட்டை முதலில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் அதன் சிபியு மறையும்போது பின் உடைந்து வேறெங்கோ ஓடத் தொடங்கும். பிறகு /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு அடியில் சிபியு9, சிபியு41 இரண்டின் ஆன்லைன் கோப்பிலும் 0 எழுதினால், 9-இல் இருந்த இன்டரப்ட் மாஸ்க்கில் மிஞ்சிய 8-க்கோ 40-க்கோ போயாக வேண்டும். மீண்டும் 1 எழுதி இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தாலும் இன்டரப்ட் தானாகத் திரும்பாது. ஏற்கெனவே மாஸ்க்கில் உள்ள ஒருவரிடம் இருப்பதால் கர்னல் அதை நகர்த்த முனைவதில்லை. எஃபெக்டிவ்_அஃபினிட்டி_லிஸ்ட்டைப் படித்து உறுதி செய்துகொண்டு, லாக் த்ரெட்டைத் திரும்ப 9-இல் கட்டி ஓட்டலாம்.

இங்கே செய்தபோது கணக்கு வேலையின் தடங்கல் நின்றது, லாக் எழுத்தின் தாமதம் குறைந்தாலும் மிச்சம் இருந்தது. இரண்டு காரணங்களும் இப்படித்தான் பிரிந்து தெரிந்தன. இது சோதனைக்கு மட்டும். அடுத்த பூட்டில் எல்லாம் பழையபடி. 5.8-க்கு முந்தைய கர்னலில், ஐஓ ஓடும்போது இதைச் செய்யவே கூடாது. ஒரு க்யூவின் கடைசிச் சிபியு மறையும்முன் நிலுவை ரிக்வெஸ்ட்களை வடித்துவிடும் ஏற்பாடு 5.8-இல்தான் வந்தது.

இரண்டாவது காரணத்தை எஃப்ஐஓ என்ற ஐஓ சோதனைக் கருவியால் தனியே காட்டலாம். லாக்கைப் போன்ற ஒரு வேலை சிபியு 9-இல், 4 கேபி தொடர் எழுத்து, ஐஓ ஆழம் (ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் ரிக்வெஸ்ட்கள்) 1, டைரக்ட், டிசிங்க் (டேட்டா டிரைவில் நிலைத்த பின்பே எழுத்து முடிந்ததாகக் கணக்கு). இன்னொன்று முதல் டிரைவிலேயே 4 கேபி ரேண்டம் எழுத்து, ஆழம் 128, முதலில் 8, 40-இல். அடுத்த ஓட்டத்தில் அதே வேலை 6, 38-இல். மாறியது சிபியு எண் மட்டுமே, டிரைவின் சுமை ஒன்றுதான். முதல் ஓட்டத்தில் லாக் வேலையின் சிலாட் (முடிப்புத் தாமதம்) பெர்சன்டைல்கள் மோசமாகவும் இரண்டாவதில் நன்றாகவும் வந்தால், டிரைவின் மேல் பழி போட இடமில்லை. இரண்டு வேலைகளும் கோப்புகளின் மேல் ஓடட்டும். டிரைவ் பெயரை நேராகக் கொடுத்தால் உள்ளே இருப்பது போய்விடும்.

திருத்தம்

ஒதுக்கீட்டு எல்லை க்யூ எல்லையில் முடிய வேண்டும். 8-15,40-47 என்று எட்டு கோரை ஒதுக்கலாம், அல்லது 10-15,42-47 என்று ஆறாகச் சுருக்கலாம். முதல் நோடில் பொது வேலைக்கு எட்டு கோர் போதுமானதாக இருந்ததால் முதல் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஐசோல்சிபியுஸில் மேனேஜ்டு_ஐஆர்க்யூ, டொமைன் என்ற இரண்டு கொடிகளும் சேர்க்கப்பட்டன.

முதல் கொடியைச் சிலர் மந்திரமாக நம்புகிறார்கள், அதனால் விளக்கம் தேவை. 5.6-இல் வந்த இது, மாஸ்க்கில் ஒதுக்கிய சிபியுவும் பொதுச் சிபியுவும் கலந்திருந்தால் இன்டரப்ட்டைப் பொதுவானதிடம் திருப்பும். மாஸ்க் முழுவதும் ஒதுக்கியவையே என்றால் அதற்கு வேலையில்லை, இன்டரப்ட் அங்கேயே இருக்கும். ஆனால் அந்தச் சிபியுக்கள் தாமே ஐஓ அனுப்பினால்தான் அது வரும் என்பதால் அதுவே போதும். அப்படியென்றால் பழைய எல்லையோடு இந்தக் கொடியை மட்டும் சேர்த்திருக்கலாமே? முதல் காரணம் போயிருக்கும். இரண்டாவது அப்படியே நின்றிருக்கும், ஏனெனில் சப்மிஷன் க்யூ பகிர்வை அது தொடுவதில்லை. எல்லையை நகர்த்தியதே உண்மையான மருந்து. டிரைவ் மாறி க்யூ எண்ணிக்கை மாறினால் காக்கும் வேலிதான் கொடி.

புதிய ஏற்பாட்டில் ஐந்தாம் க்யூவின் நால்வரும் ஒதுக்கியவர்கள். முதல் டிரைவின் அந்த க்யூ இன்டரப்ட் 8-இல் இருந்ததால் லாக் த்ரெட்டும் 8-க்கு மாற்றப்பட்டது, 9 காலி. அனுப்புவது, இன்டரப்ட், முடிப்பு, விழிப்பு நான்கும் ஒரே சிபியுவில், நடுவில் ஐபிஐ (ஒரு சிபியு இன்னொன்றுக்கு அனுப்பும் இன்டரப்ட்) இல்லை. ஐஓவுக்காகத் தூங்கி விழிக்கும் த்ரெட்டுக்கு இது பொருந்தும். இடைவிடாது சுழலும் த்ரெட்டுக்கு இன்டரப்ட்டைப் பக்கத்து காலிச் சிபியுவிடம் விடுவதே நல்லது. பூட்டுக்கு பூட் எஃபெக்டிவ் சிபியு மாறக்கூடும் என்பதால், சர்வீஸ் தொடங்கும்போது சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று அந்தக் கோப்பைப் படித்து அதன்படி த்ரெட்டைக் கட்டுகிறது.

ஐஓ முடிப்பு வேலையை எந்தச் சிபியு செய்யும் என்று தீர்மானிக்கும் ஆர்க்யூ_அஃபினிட்டி பற்றி ஒரு வார்த்தை. இயல்பு மதிப்பு 1: அனுப்பிய சிபியுவோடு கேஷைப் பகிரும் எவரும் முடிப்பு வேலையைச் செய்யலாம். 2 என்றால் அனுப்பியவரிடமே ஐபிஐ மூலம் திருப்பியாக வேண்டும். கேஷ் பகிர்வா இல்லையா என்பதைக் கர்னல் ஷெட்யூலர் டொமைன்களிலிருந்து (தங்களுக்குள் வேலையைப் பகிரும் சிபியு குழுக்கள்) எடுக்கிறது. ஐசோல்சிபியுஸ் அந்த டொமைன்களிலிருந்தே சிபியுவை வெளியேற்றுவதால், ஒதுக்கிய சிபியுக்களில் மதிப்பு 1 எப்படி நடக்கும் என்று எல்3 கேஷ் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லக்கூடாது. பிளாக்_ஆர்க்யூ_கம்ப்ளீட் எண்ணிக்கை சொல்வதை நம்பலாம். இங்கே எல்லாம் ஒரே சிபியுவில் நடப்பதால் மதிப்பை மாற்றத் தேவையிருக்கவில்லை.

மாற்றத்துக்குப் பின் கவனிக்க வேண்டியவை

கம்பாக்‌ஷன் முழு வேகத்தில் ஓடும்போது 9 முதல் 15 வரையிலான நெடுவரிசைகளில் எந்த என்விஎம்இ வரியும் ஏறவில்லை, 8-இல் முதல் டிரைவின் க்யூ5 மட்டும் லாக் எழுத்தின் வேகத்தில் ஏறியது. தேர்ச்சி அளவுகோல் இதுதான். பெர்சன்டைல் நன்றாக வருவது மட்டும் போதாது, தற்செயலாகவும் வரும்.

இதே சர்வரில் போலிங் க்யூக்களை (இன்டரப்ட் இல்லாமல், முடிந்ததா என்று சிபியுவே பார்த்துக்கொண்டிருப்பவை) சேர்க்கலாமா என்ற கேள்வி வந்தது. என்விஎம்இ டிரைவரின் போல்_க்யூஸ் அளவை 4 ஆக்கினால் அவை மொத்த 16-இலிருந்தே எடுக்கப்படும், இன்டரப்ட் க்யூ 12 ஆகக் குறையும். நோடுக்கு 6 க்யூ, 32 சிபியு. சரியாக வகுபடாததால் சில தொகுதிகளில் 6 பேர், சிலவற்றில் 5 பேர். ஐந்து பேர் தொகுதி ஏதோ ஒரு கோரின் இரண்டு த்ரெட்களைப் பிரித்தே தீரும், 8-இல் போட்ட எல்லை மறுபடி நடுவில் வெட்டும். அளவை 8 ஆக்கினால் நோடுக்கு 4 இன்டரப்ட் க்யூ, தொகுதிக்கு 8 சிபியு: 0-3,32-35, பிறகு 4-7,36-39, அடுத்து 8-11,40-43. எல்லை தப்பிக்கும், ஆனால் முதல் நோடின் பொதுப் பக்கம் கம்பாக்‌ஷனுக்கு இரண்டே இரண்டு இன்டரப்ட் சிபியு மிஞ்சும். அதைவிடப் போலிங்கை விட்டுவிடுவது மேல் என்று முடிவானது.

டிரைவ் மாற்றினாலும், ஃபர்ம்வேர் ஏற்றினாலும், பயாஸில் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தாலும் தொகுதிகள் மாறும். ஒவ்வொரு முறையும் எம்க்யூ அடைவின் சிபியு_லிஸ்ட் கோப்புகளை ஒதுக்கீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டு, இரு பக்கமும் கலந்த தொகுதி ஏதாவது இருந்தால் சர்வீஸைத் தொடங்க விடாமல் நிறுத்தும் சோதனை ஒன்று அதே தொடக்க ஸ்கிரிப்ட்டில் சேர்க்கப்பட்டுள்ளது. மெய்நிகர் இயந்திரங்களில் இதே சோதனை இன்னும் அவசியம். அங்கே பின்னர் சேர்க்கக்கூடிய சிபியுக்களையும் கர்னல் கணக்கில் எடுப்பதால், இல்லாத சிபியுக்களும் மாஸ்க்கில் இடம்பிடித்திருக்கும்.